பச்சை வயர்

செல்லூரில் நாங்கள் வாடகைக்கு இருந்த மாடி வீட்டுக்கு முதல் கம்ப்யூட்டர் வந்து இறங்கிய அன்று அம்மா அதற்குச் சூடம் காட்டினாள். திருநீறு பூசி, சந்தனம் குங்குமம் வைத்து, கடைசியில் கேபினெட்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளப் போனவள், "ஆத்தி!" என்று கையை உதறிக்கொண்டு பின்னால் நகர்ந்தாள்.

"இதுக்குள்ள சாமி இருக்குடி" என்றாள்.

நானும் தொட்டுப் பார்த்தேன். புறங்கையில் எறும்பு கடித்த மாதிரி ஒரு சுள். ஷாக் என்று சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது. உள்ளங்கையை அழுத்தி வைத்தால் ஒன்றும் தெரியவில்லை. விரல் நுனியால் லேசாகத் தடவினால் தகரம் விர்ரென்று நடுங்குகிற மாதிரி இருந்தது.

அது 2003. மேலமாசி வீதிப் பக்கம் ஒரு சந்துக்குள் இருந்த டி.டி.பி. கடையில் இரண்டு வருடமாக வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். தமிழ் டைப்ரைட்டிங்கில் லோயர், ஹையர் இரண்டும் முடித்திருந்ததுதான் என் தகுதி. கல்யாணம், காதுகுத்து, பூப்புனித நீராட்டு, கண்ணீர் அஞ்சலி என்று மதுரைச் சுவர்களில் ஒட்டப்படுகிற எல்லாவற்றையும் அடித்திருக்கிறேன். எங்கள் ஊர் போஸ்டரில் ஆள் பெயரைவிடப் பட்டப்பெயர் நீளமாக இருக்கும் என்பது உங்களுக்கே தெரியும். கடையில் கழித்துப் போட்ட பென்டியம் 3 மெஷின் ஒன்றை, 128 எம்.பி. ராம், 20 ஜி.பி. ஹார்டு டிஸ்க்கோடு, சம்பளத்தில் மாதாமாதம் பிடித்துக்கொள்வதாகச் சொல்லி முதலாளி அண்ணாச்சி என்னிடம் தள்ளிவிட்டார்.

செருப்புப் போட்டிருந்தால் கடிக்காது. வெறுங்காலோடு, அதுவும் தரை துடைத்த ஈரத்தில் நின்றால் கடிக்கும். வீட்டுக்குள் செருப்பா என்று அம்மா விடவில்லை. பரணிலிருந்து ஒரு பழைய மணையை இறக்கி மேசைக்கு அடியில் போட்டாள். இரண்டு வருடம் அந்த மணையில் கால் வைத்துக்கொண்டுதான் கம்ப்யூட்டர் பார்த்தேன். "மாப்பிள்ளை வர்றதுக்கு முன்னாடியே பொண்ணு மணையில இருக்கு" என்று பக்கத்து வீட்டு அத்தை போகும்போதும் வரும்போதும் சொல்லிச் சிரிப்பார்.

கம்ப்யூட்டரைத் திறந்து நோண்டுகிற இந்தப் பொழுதுபோக்கில் எனக்கு இருபது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. புதிதாக இதில் இறங்குகிற பிள்ளைகள் என்னிடம் கேட்பதெல்லாம் எந்த கிராஃபிக்ஸ் கார்டு, எத்தனை ஜி.பி. ராம் என்றுதான். "உங்க வீட்டு பிளக்ல மூணாவது ஓட்டைக்குப் பின்னால ஏதாவது இருக்கா?" என்று நான் திருப்பிக் கேட்டால் விழிக்கிறார்கள். நானும் ஒரு காலத்தில் அப்படி விழித்தவள்தான். ஆகவே இந்தக் கட்டுரை முக்கால்வாசி அந்த ஓட்டையைப் பற்றியது. வேகத்தைப் பற்றிப் படிக்க வந்தவர்கள் மன்னிக்கவும்.

எனக்கு இந்தக் கிறுக்கு பிடித்தது ஒரு ரப்பரால். கடையில் ஒரு மெஷின் திடீரென்று 'பீப் பீப்' என்று விடாமல் கத்த ஆரம்பித்தது. திரையில் ஒன்றும் வரவில்லை. சர்வீஸ்காரர் வந்தார். மூடியைக் கழற்றி, ராமைப் பிடுங்கி, சட்டைப் பையிலிருந்து பள்ளிக்கூடப் பிள்ளைகள் வைத்திருக்கிற ரப்பரை எடுத்து, தங்க நிறப் பின்கள் மேல் நாலு இழு இழுத்துத் திரும்பச் செருகினார். மெஷின் ஓடியது. முந்நூறு ரூபாய் வாங்கிக்கொண்டு போனார். அன்றைக்கு என் ஒரு வாரச் சம்பளமே அதைவிடக் கொஞ்சம்தான் கூட. மறுநாள் இரண்டு ரூபாய்க்கு ஒரு ரப்பர் வாங்கி டிராயரில் போட்டு வைத்தேன். அடுத்த மாதம் இன்னொரு மெஷின் கத்தியபோது அண்ணாச்சி போனை எடுப்பதற்குள் நான் மூடியைக் கழற்றிவிட்டேன்.

அப்புறம் என்ன, கடையில் எது கெட்டாலும் நான்தான். பிராசசரின் சூட்டை இழுக்கிற ஹீட்சிங்க்கில் படிந்த தூசியைப் பிரஷ்ஷால் எடுப்பது, ஃபேனுக்கு ஒரு சொட்டுத் தையல் மெஷின் எண்ணெய் விடுவது, சி.மாஸ் பேட்டரி தீர்ந்து தேதி பின்னால் போய்விட்டால் அந்த மூன்று வோல்ட் பொத்தான் செல்லை மாற்றுவது. எல்லாம் சின்ன வேலைகள். ஆனால் ஒரு பெட்டியைத் திறந்து, அதற்குள் கையை விட்டு, திரும்ப மூடி, அது உயிரோடு எழுந்து வருவதைப் பார்ப்பதில் ஒரு போதை இருக்கிறது. மீன் குழம்பு நன்றாக வந்துவிட்ட அன்று வருகிற மாதிரியான சந்தோஷம்.

கீபோர்டு பற்றியும் ஒரு வார்த்தை சொல்லாமல் போனால் என் விரல்கள் மன்னிக்காது. கடையில் இருந்தவை எல்லாம் டி.வி.எஸ். கோல்டு. ஒவ்வொரு எழுத்துக்கும் அடியில் தனித்தனியாக ஜெர்மனியின் செர்ரி கம்பெனி சுவிட்ச், அதுவும் 'டிக்' என்று சத்தம் போடுகிற நீல ரகம். டைப்ரைட்டரில் பழகிய கைக்கு அந்தச் சத்தம்தான் சாட்சி. எழுத்து விழுந்ததா என்று திரையைப் பார்க்க வேண்டியதில்லை. டி.வி.சுந்தரம் அய்யங்கார் 1911-இல் மதுரையில் தொடங்கிய குழுமத்திலிருந்து வந்த கீபோர்டு என்பதால் அண்ணாச்சிக்கு அது உள்ளூர்ச் சரக்கு. டி.வி.எஸ். பஸ் போவதைப் பார்த்துக் கடிகாரத்தில் மணி சரிசெய்த கதையை வாரத்துக்கு ஒரு தடவையாவது சொல்வார். இப்போது பையன்கள் அதே 'டிக்' சத்தத்துக்காக ஆயிரக்கணக்கில் கொட்டிக் கொடுக்கிறார்கள். நாலு பேர் சேர்ந்து அடிக்கிற கடையில் நாள் முழுக்க உட்கார்ந்திருந்தால் தெரியும், தலைவலித் தைலத்தின் அருமை.

அந்தக் கீபோர்டுகளில் ஒன்றில் ஒரு நாள் சாயங்காலம் டம்ளர் நிறையப் பருத்திப்பாலைக் கவிழ்த்துவிட்டேன். காபி என்றால் துடைத்துவிடலாம். பருத்திப்பாலில் கருப்பட்டி, சுக்கு, தேங்காய்ப்பூ எல்லாம் உண்டு, ஆறினால் பசை. 104 பொத்தான்களையும் பிடுங்கி சோப்புத் தண்ணீரில் ஊறப்போட்டேன். பின்னை வைத்து சுவிட்ச் சுவிட்சாகத் தேங்காய்ப்பூவை எடுத்தேன். திரும்ப மாட்டும்போதுதான் தெரிந்தது, எனக்கு ஆங்கில எழுத்தின் இடம் ஒன்றுகூட நினைவில் இல்லை. இடது கை நடு வரிசை ய, ள, ன, க என்பது தெரியும். அந்த இடத்தில் என்ன ஆங்கில எழுத்து அச்சடித்திருக்கிறது என்று ஒரு நாளும் பார்த்ததில்லை. பக்கத்து மெஷினைப் பார்த்துப் பார்த்து மாட்டினேன். கீபோர்டு பிழைத்துக்கொண்டது. மழைக்காலம் வந்தால் மட்டும் லேசாகச் சுக்கு வாசனை அடிக்கும்.

ஆனால் கையில் அகப்படாத சாவுகள் சில இருந்தன. ஒரு வருடத்துக்குள் மூன்று மெஷின்களில் பிரிண்டர் கேபிள் செருகுகிற போர்ட் போனது. அந்த 25 பின் கேபிளை மாட்டின மறு நிமிடம், அதுவரை ஓடிக்கொண்டிருந்த பிரிண்டர் ஊமையாகிவிடும். வேறு மெஷினில் மாட்டினால் பிரிண்டர் வேலை செய்யும். ஆக, போனது மதர்போர்டில் இருக்கிற போர்ட். அடுத்து ஒரு நெட்வொர்க் கார்டு. அடுத்து ஒரு மதர்போர்டே. மாட்டியது, கழற்றியது எல்லாம் நான். அண்ணாச்சி திட்டவில்லை. "ஒனக்குக் கை ராசி சரியில்ல தாயி, கொஞ்ச நாளைக்கு டைப் மட்டும் அடி" என்றார். அவர் திட்டியிருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது.

எங்கே தப்பு என்று தேடிப் படித்தேன். கிடைத்த ஆங்கிலக் குறிப்புகள் எல்லாம் ஒரே பாட்டைப் பாடின: உடம்பில் இருக்கும் நிலைமின்சாரம் சில்லைக் கொன்றுவிடும், ஆகவே பிளக்கைக் கழற்றாமல், சுவிட்சை மட்டும் அணைத்துவிட்டு, கேபினெட்டின் தகரத்தை அடிக்கடி தொட்டுக்கொண்டே வேலை செய். நான் கேபினெட்டைத் தொட்டேன். கேபினெட் என்னைக் கடித்தது. எந்த ஊர்க்காரனுக்கு எழுதின குறிப்போ, எங்கள் செல்லூருக்குப் பொருந்தவில்லை என்று மூடி வைத்தேன்.

விடை கிடைத்தது எங்கள் தெருமுனையில். தண்ணீர் மோட்டாருக்குக் காயில் கட்டுகிற ஒருவர் அங்கே கடை வைத்திருந்தார். தெருவுக்கே அவர் மோட்டார் மாமா. எப்போது பார்த்தாலும் செம்புக் கம்பியும் வார்னிஷ் வாசனையுமாக இருப்பார். அம்மாதான் அவரிடம் போய், "எங்க வீட்டுக் கம்ப்யூட்டர்ல சாமி இருக்கு, வந்து பாருங்கண்ணே" என்று கூட்டி வந்தாள்.

அவர் முதலில் டெஸ்டரைக் கேபினெட்டில் வைத்தார். உள்ளே ஆரஞ்சுப் பொட்டு மினுக்கியது. நான் பதறிவிட்டேன். அவர் பதறவில்லை. பையிலிருந்து ஒரு ஹோல்டரை எடுத்தார். அதில் நூறு வாட் குண்டு பல்பு, இரண்டு நீள வயர், வயர் முனைகளில் இன்சுலேஷன் சுற்றிய ஆணிகள். ஒரு ஆணியைப் பிளக் பாயின்ட்டில் கரண்ட் வருகிற பேஸ் ஓட்டையில் விட்டார், இன்னொன்றை அது திரும்பிப் போகிற நியூட்ரலில். பல்பு பளீரென்று எரிந்தது. நியூட்ரலில் இருந்த ஆணியை எடுத்து மேலே இருக்கிற பெரிய ஓட்டையில் வைத்தார். பல்பு அணைந்தது. கண்ணாடிக்குள் இருந்த இழை சிவக்கக்கூட இல்லை.

"எர்த்தே இல்ல பாப்பா. அந்த ஓட்டை சும்மா அழகுக்கு."

நாலு ஸ்குரூவைக் கழற்றிப் பலகையைத் திருப்பிக் காட்டினார். சிவப்பு வயர் ஒன்று, கறுப்பு வயர் ஒன்று. பச்சை வயர் இருக்க வேண்டிய பித்தளை மறையில் சிலந்திக்கூடு.

"அப்ப ஏன் மாமா டெஸ்டர் எரிஞ்சது?"

"டெஸ்டருக்கு எச்சி கரண்டு போதும். அது பொய் சொல்லும், பல்பு பொய் சொல்லாது" என்றார். இதே சோதனையை நீங்கள் வீட்டில் செய்து பார்க்க வேண்டாம். அவர் நாற்பது வருடம் கரண்டோடு குடித்தனம் நடத்தியவர்.

எச்சில் கரண்ட் எங்கிருந்து வந்தது என்பது எனக்குப் புரிய இன்னும் சில மாதம் ஆனது. ஞாயிற்றுக்கிழமை திலகர் திடல் சந்தையில் பழைய இரும்பு, டைனமோ, ஓடாத சுவர்க்கடிகாரம் ஆகியவற்றுக்கு நடுவே செத்த எஸ்.எம்.பி.எஸ்.களும் கிடக்கும். கம்ப்யூட்டர் பெட்டிக்குப் பின்னால், ஃபேனோடு, கரண்ட் வயர் செருகுகிற அந்தத் தகர டப்பாதான் எஸ்.எம்.பி.எஸ். இரண்டை விலை பேசி வாங்கி வந்து திறந்தேன். முதல் டப்பாவுக்குள் இருந்தது கருகிய பல்லி. பல்லி தலையில் விழுந்தால் என்ன, தோளில் விழுந்தால் என்ன என்று பஞ்சாங்கத்தில் பலன் போட்டிருக்கிறது. எஸ்.எம்.பி.எஸ்.ஸில் விழுந்தால் பலன் பல்லிக்கும் இல்லை, நமக்கும் இல்லை.

இரண்டாவதில் பல்லி இல்லை. கரண்ட் நுழைகிற வாயிலேயே, சோளப்பொரி அளவில் நீல நிறத்தில் இரண்டு கெபாசிட்டர்கள், கரண்டைச் சேர்த்து வைக்கிற பொருள்கள், நின்றன. ஒன்று பேஸிலிருந்து தகரத்துக்கு, மற்றொன்று நியூட்ரலிலிருந்து தகரத்துக்கு. உள்ளே உண்டாகிற மின் இரைச்சலை எர்த்துக்குத் தள்ளிவிடுவது அவற்றின் வேலை. எர்த் இருந்தால் தள்ளியது பச்சை வயர் வழியாக வெளியே குழியில் நட்ட பைப்புக்குப் போய் மண்ணில் இறங்கிவிடும். எர்த் இல்லையென்றால்? 230 வோல்ட்டுக்கும் பூஜ்யத்துக்கும் நடுவில் இரண்டு பேரும் சமமாக இழுக்க, தகரம் பாதியில் நிற்கும். ஏறக்குறைய 115 வோல்ட். கெபாசிட்டர் மிகச் சின்னது என்பதால் அதன் வழியாக வருகிற கரண்ட் சொற்பம். ஆளைக் கொல்லாது, 'ஆத்தி' சொல்ல வைக்கும். அம்மா கண்ட சாமி அந்த இரண்டு நீலப் பொட்டுகள்.

பிரிண்டர் போர்ட்டுகளைக் கொன்றதும் அவைதான். கடையிலும் எர்த் கிடையாது. கம்ப்யூட்டர் ஒரு பிளக்கில், பிரிண்டர் இன்னொரு பிளக்கில். இரண்டின் உடம்பும் தனித்தனியாக அந்தரத்தில் தொங்குகின்றன. அந்த நிலையில் கேபிளைச் செருகும்போது வெளித் தகரத்துக்கு முன்னால் உள்ளே இருக்கிற ஒரு சிக்னல் பின் முட்டிக்கொண்டால் போதும், அத்தனை வித்தியாசமும் ஐந்து வோல்ட்டுக்குப் பழகிய ஒரு சில்லின் வழியாகத்தான் சமன் ஆகும். எனக்கு வேண்டாத கைராசிப் பட்டம் கிடைத்த கதை இதுதான். புரிந்த அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. காலையில் முதல் வேலையாக அண்ணாச்சியிடம் போய்ப் படம் போட்டு விளக்கினேன். படத்தை அவர் பார்க்கவில்லை. "குழி தோண்ட எவ்வளவு ஆகும்?" என்று மட்டும் கேட்டார். ஒரு மதர்போர்டு விலைகூட ஆகாது என்றேன். மறுவாரம் கடைக்குப் பின்னால் இருந்த சந்தில் மோட்டார் மாமா ஆள் வைத்துக் குழி தோண்டினார். ஜி.ஐ. பைப்பை நட்டு, சுற்றிலும் கரி ஒரு அடுக்கு, உப்பு ஒரு அடுக்கு. நான் அந்தக் கடையை விட்டு வரும் வரைக்கும் அதற்குப் பிறகு ஒரு போர்ட் போகவில்லை.

வீட்டில்தான் கதை வேறு. "வாடகைக்கு இருக்குறவுக குழி தோண்டுறதா?" என்று வீட்டுக்காரம்மா மறுத்துவிட்டார். தெரிந்த ஒரு வயர்மேன், "அதுக்கென்னக்கா, பலகைக்கு உள்ளேயே எர்த்தையும் நியூட்ரலையும் ஒரு துண்டு வயர் போட்டு இணைச்சிரலாம், சுள் நின்னுரும்" என்றார். நிற்கும்தான். ஆனால் எங்கேயாவது அந்த நியூட்ரல் அறுந்தால், அதே துண்டு வயர் வழியாக முழு 230 வோல்ட்டும் கேபினெட்டுக்கு வந்து உட்காரும். இதைக் கேட்டபோது மோட்டார் மாமாவின் முகம் மாறியதைப் பார்த்திருக்க வேண்டும். "மணையிலேயே காலை வச்சுக்க தாயி, ஒண்ணும் கொறஞ்சு போயிர மாட்ட" என்றார். நாங்கள் வீடு மாறும் வரை மணைதான்.

திலகர் திடலுக்குப் போய்ப் போய் எஸ்.எம்.பி.எஸ். பழகிவிட்டது. அந்த டப்பாவைப் பெட்டியில் மாட்டாமலே ஓட்டிப் பார்க்க ஒரு வழி உண்டு: பெரிய கனெக்டரில் இருக்கிற பச்சை வயரையும் ஏதாவது ஒரு கறுப்பு வயரையும் ஒரு யூ பின்னால் தொட்டால் ஃபேன் சுற்ற ஆரம்பிக்கும். மஞ்சளில் 12 வோல்ட், சிவப்பில் 5, ஆரஞ்சில் 3.3. சந்தைக் கடைக்காரர்களுக்கு இது வித்தை மாதிரி; நான் யூ பின்னோடு உட்கார்ந்தால் சுற்றி நாலு பேர் கூடுவார்கள். சுவரில் பச்சை என்றால் எர்த், இங்கே பச்சை என்றால் ஸ்டார்ட் பொத்தான் என்பதை ஆரம்பத்தில் ஒரு முறை குழப்பிக்கொண்டேன். நல்லவேளை, டப்பா மட்டும்தான் போனது.

இன்னொரு முட்டாள்தனமும் செய்தேன். பழைய டப்பாக்களின் பின்னால் ஒரு சின்னச் சிவப்பு சுவிட்ச் இருக்கும். ஒரு பக்கம் 115, மறு பக்கம் 230. தூசி துடைக்கும்போது அது நகர்ந்து 115-க்குப் போனதைக் கவனிக்காமல் போட்டுவிட்டேன். தீபாவளிக்குத் தெருவில் வைக்கிற லட்சுமி வெடி மாதிரி ஒரு சத்தம், அதன் பின்னால் வெள்ளைப் புகை, மீன் கருகிய நாற்றம். அம்மா அடுப்படியிலிருந்து ஓடி வந்து பார்த்துவிட்டு, "சாமி மலையேறிருச்சா?" என்று கேட்டாள். திறந்து பார்க்க ஆசைப்படுகிறவர்கள் ஒன்றை மனதில் வையுங்கள்: பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே இருக்கிற பெரிய கெபாசிட்டர் முந்நூறு வோல்ட்டுக்கு மேல் வைத்துக்கொண்டு காத்திருக்கும். அது கடித்தால் எறும்புக்கடி இல்லை.

2005, 2006 வாக்கில் வயிறு உப்பிய கெபாசிட்டர்களின் காலம் வந்தது. உலகம் முழுக்க அப்போது தரம் குறைந்த எலக்ட்ரோலைட் ஊற்றிய கெபாசிட்டர்கள் போர்டுகளில் புகுந்திருந்தன. மதர்போர்டில் பிராசசரைச் சுற்றி வரிசையாக நிற்கிற சின்னச் சின்ன டப்பாக்களின் தலை தட்டையாக இருக்க வேண்டும். உப்பிய பூரி மாதிரி இருந்தால் கதை முடிந்தது. எலக்ட்ரோலிடிக் கெபாசிட்டருக்குச் சூடு பத்து டிகிரி ஏறினால் ஆயுள் பாதியாகும் என்று ஒரு கணக்கு உண்டு. சித்திரை, வைகாசியில் நாற்பது டிகிரியைத் தொடுகிற ஊரில், காற்றோட்டமில்லாத மாடி அறையில், செல்லூர்த் தறிகளின் பஞ்சுத்தூசி ஹீட்சிங்க்கை மெத்தையாக மூடியிருக்க, அந்தக் கணக்கு எப்படி முடியும் என்று சொல்ல வேண்டியதில்லை. 25 வாட் சால்டரிங் அயர்ன் வாங்கினேன். உள்ளூரில் கிடைத்ததெல்லாம் 85 டிகிரி சூடு வரை தாங்குகிற ரகம். 105 டிகிரிக்காக ராத்திரி பஸ் ஏறிச் சென்னை ரிச்சி தெருவுக்குப் போனேன். அங்கே கவுன்டரில் நின்று 3300 மைக்ரோஃபாரட், பத்து வோல்ட், 105 டிகிரி, இருபது எண்ணம் என்றேன். கடைக்காரர் என் தோளுக்குப் பின்னால் பார்த்து, "சார் வரலையா?" என்றார்.

தெருவில் உப்பின போர்டுகள் பலவற்றுக்கு நான்தான் வயிற்று வைத்தியம் பார்த்தேன். பாதிதான் பிழைத்தது. மீதிப் பாதிக்கு என் சால்டரிங்கும் ஒரு காரணம் என்பதை இப்போது ஒத்துக்கொள்கிறேன்.

2012-ஐ மறக்க முடியாது. சென்னைக்கு வெளியே நாளில் பாதி நேரம் கரண்ட் இல்லாத வருடம். ஒரு மணி நேரம் வரும், ஒரு மணி நேரம் போகும். யூ.பி.எஸ்.ஸில் இருக்கிற 12 வோல்ட், 7 ஆம்பியர்-ஹவர் பேட்டரி முழுசாகச் சார்ஜ் ஆகவே அஞ்சாறு மணி நேரம் வேண்டும், எங்கே கிடைத்தது? பட்டினி கிடந்தே பேட்டரிகள் செத்தன. எனக்குத் தெரிந்தவர்களில் யாருக்கும் அந்த வருடம் பேட்டரி ஒரு வருடம் தாண்டவில்லை. நான் வண்டி பேட்டரி ஒன்றைப் பழைய யூ.பி.எஸ்.ஸோடு கோர்த்து ஓட்டினேன். ஓடியது. கூடவே யூ.பி.எஸ். தோசைக்கல் மாதிரி சூடானது. அத்தனை நேரம் ஓடுவதற்காகச் செய்யப்பட்ட பொருள் இல்லை அது. அதன் மேல் டேபிள் ஃபேனைத் திருப்பி வைத்தேன், ஃபேனும் அதே யூ.பி.எஸ்.ஸில்தான் ஓடியது. இதை என் கணவர் இன்றைக்கும் வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

சரி, ஓட்டைக்கு வருகிறேன். 2014-இல் ஒத்தக்கடையில், யானைமலை தெரிகிற மாதிரி, சின்னதாக வீடு கட்டினோம். கொத்தனார், ஆசாரி, டைல்ஸ்காரர் யாரோடும் நான் சண்டை போடவில்லை. வயரிங் நடந்த நாட்களில் மட்டும் லீவு போட்டுவிட்டு ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன். எல்லாப் பலகையிலும் பச்சை வயர் இருக்கிறதா, மறை இறுகியிருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்தேன். "அக்கா நம்பவே மாட்டேங்குறாக" என்று பையன்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். நம்பவில்லைதான். குழிக்கு மோட்டார் மாமாவையே கூட்டி வந்தேன். எட்டடி வேண்டும் என்றார். நாலடியில் பாறை. யானைமலையின் வால் எங்கள் கொல்லை வரைக்கும் நீண்டிருக்கிறது போல. மூன்று இடம் மாற்றித் தோண்டி, நாலாவது இடத்தில் இறங்கியது. அந்த மண்ணும் சரளை, தண்ணீர் தங்காது.

முதல் வருடம் ஒன்றும் தெரியவில்லை. அடுத்த சித்திரையில் ஒரு மத்தியானம் கேபினெட்டைத் துடைக்கும்போது புறங்கையில் எறும்பு கடித்தது. பத்து வருடம் கழித்து அதே சுள். எனக்கு உடனே செல்லூர் வீடும் மணையும்தான் நினைவுக்கு வந்தன. பச்சை வயர் எல்லாம் சரியாக இருந்தது, காய்ந்தது குழி. எர்த் என்பது வயர் இல்லை, ஈரம் என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. வாளி வாளியாக ஊற்றினேன். பிறகு அடுப்படியில் ஆர்.ஓ. மெஷின் கழித்து விடுகிற தண்ணீர்க் குழாயை நீட்டி அந்தக் குழிக்கே திருப்பிவிட்டேன். எங்கள் போர்த் தண்ணீரே உப்பு, ஆர்.ஓ. கழிக்கிறது அதைவிட உப்பு. செடிக்கு ஆகாது, எர்த்துக்கு அமிர்தம்.

ஊரடங்கு வந்த 2020-இல் தெருவில் எல்லாப் பிள்ளைகளுக்கும் ஆன்லைன் வகுப்பு. லேப்டாப் கை வைக்கிற இடத்தில் சுள்ளென்று கடிக்கிறது என்று நாலைந்து வீட்டிலிருந்து கூப்பிட்டார்கள். ஒரு வீட்டில் அடாப்டரின் மூன்று பின்னில் ஒன்று ஒடிந்திருந்தது. இரண்டு பின் பாக்ஸில் நுழையவில்லை என்று அவர்களே குறட்டால் ஒடித்திருந்தார்கள். எர்த் பின் மற்ற இரண்டைவிட நீளமாக இருப்பது செருகும்போது முதலில் தொடவும், பிடுங்கும்போது கடைசியில் விடவும்தான். அதைத்தான் முதலில் ஒடிக்கிறோம். இன்னொரு வீட்டில் பின்னெல்லாம் ஒழுங்காக இருந்தது, சுவரிலும் எர்த் இருந்தது. நடுவில் இருந்த எக்ஸ்டென்ஷன் பாக்ஸைத் திறந்தேன். மேலே ஆறு சாக்கெட், ஒவ்வொன்றிலும் மூன்று ஓட்டை, ஒரு சிவப்பு விளக்கு வேறு. உள்ளே இரண்டே பித்தளைப் பட்டைகள். மூன்றாவதுக்குப் பட்டையும் இல்லை, வயரும் இல்லை. செல்லூர்ப் பலகையாவது சிலந்திக்கு வீடாக இருந்தது.

மோட்டார் மாமாவுக்கு இப்போது எண்பதை நெருங்குகிறது. கடையை மகன் பார்த்துக்கொள்கிறார். அழகர் ஆற்றில் இறங்கிய மறுநாளோ அடுத்த நாளோ பேரன் வண்டியில் ஏறி ஒத்தக்கடைக்கு வருவார். கையில் அதே ஹோல்டர். குண்டு பல்பு கிடைப்பது குதிரைக்கொம்பு ஆகிவிட்டதால் அரை டஜன் வாங்கி அரிசி டிரம்முக்கு மேல் வைத்திருக்கிறேன். வீட்டில் கரண்ட் எர்த்துக்குக் கசிந்தால் லைனைத் துண்டிக்கிற இ.எல்.சி.பி. போட்டிருக்கிறோம், உள்ளே எங்கே அந்தப் பல்பை எர்த்தில் வைத்தாலும் டப்பென்று விழுந்துவிடும். அதனால் மீட்டர் பெட்டிக்குப் பக்கத்தில், அதற்கு முந்தின லைனில்தான் அவர் பார்ப்பார். என்னைக்கூட அங்கே கை வைக்க விடமாட்டார்.

போன தடவை வந்தபோது ஆர்.ஓ. மெஷின் ரிப்பேராகி இரண்டு வாரம் ஆகியிருந்தது. நியூட்ரலில் வைத்தார், பல்பு பளீரென்றது. எர்த்தில் வைத்தார். எரிந்தது, ஆனால் கோவில் பிராகாரத்து விளக்கு மாதிரி மங்கலான மஞ்சள்.

"தண்ணி காட்டலையா?"

மகள் வாளியை எடுத்துக்கொண்டு ஓடினாள். நான் மீட்டர் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றேன். ஒரு வாளி, இரண்டு வாளி. குழி 'களக் களக்' என்று குடிக்கிற சத்தம் இங்கே வரைக்கும் கேட்டது. பல்பில் ஒன்றும் தெரியவில்லை. மூன்றாவது வாளி ஊற்றிக் கொஞ்ச நேரம் கழித்து மாமா மறுபடி ஆணியை வைத்தார். மஞ்சள் மெல்ல வெளுத்திருந்தது.

"இன்னும் ரெண்டு ஊத்தச் சொல்லு" என்றார்.